ரசிகர் குழுக்களை இணையத்தில் ஆய்வு செய்வது: கேள்வி முதல் கட்டுரை வரை முழு வழிகாட்டி

கே-பாப் (கொரிய பாப் இசை), அனிமே, கேம், சினிமா என்று வெகுஜனப் பண்பாட்டில் ஆய்வேடு எழுத வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் வாரமே பல்லாயிரம் கமெண்டுகளை இறக்கி வைத்துக்கொண்டு, இதிலிருந்து என்ன கேள்வி கேட்கலாம் என்று பிறகு உட்கார்ந்து யோசிப்பார்கள். கேள்வி வராது. வந்தாலும், இறக்கி வைத்த தரவு அதற்குப் பதில் சொல்லாது.

அந்த வரிசையைச் சரிசெய்யத்தான் இந்த வழிகாட்டி. உதாரணங்களுக்கு பி.டி.எஸ் என்ற கொரியப் பாடகர் குழுவையும் அதன் ரசிகர்களான ஆர்மியையும் எடுத்துக்கொள்கிறேன். பல மொழி, பல தளம், பதினெட்டு வயது நிரம்பாத ரசிகர்கள், எண்களைத் திட்டமிட்டு உயர்த்தும் ரசிகர்கள் என்று இந்தத் துறையின் எல்லாத் தலைவலியும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். உங்கள் பொருள் வேறாக இருந்தாலும் படிகளின் வரிசை மாறாது.

தொடங்கும் முன் தேவையானவை

படித்ததைச் சேமிக்க ஸோட்டெரோ போதும், இலவசம். ஆய்வுக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு வேண்டும். சொந்தக் கணக்கில் போனால் உங்கள் பழைய ரசனைக்கேற்ற வீடியோக்களையும் பதிவுகளையும்தான் தளம் முன்னால் தள்ளும். அதைப் பார்த்துவிட்டு ‘எல்லாரும் இதைத்தான் பேசுகிறார்கள்’ என்று நம்பிவிடுவீர்கள்.

கடவுச்சொல் போட்ட ஒரு ஃபோல்டர், தேதி போட்டு எழுத ஒரு களக்குறிப்பு நோட்டு. கொரிய ரசிகர்களைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் ஹங்குல் எழுத்தையாவது கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்பிக் கொரியத் தரவில் இறங்காதீர்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதும் ரசிகர்களோடு நிறுத்திக்கொண்டு, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘தமிழ் இளைஞர்களிடையே கே-பாப்பின் தாக்கம்’ என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. தாக்கத்தைக் காட்ட முன்பு எப்படி இருந்தார்கள், பின்பு எப்படி ஆனார்கள் என்ற இரண்டும் வேண்டும். முதலாவது உங்களிடம் இருக்கவே இருக்காது.

யார், எங்கே, எந்தக் காலத்தில், என்ன செய்கிறார்கள் என்ற நான்கும் வாக்கியத்துக்குள் வரட்டும். உதாரணம்: ‘புதிய பாடல் வீடியோ வெளியான முதல் 24 மணி நேரத்தில், யூடியூப் கமெண்ட் பகுதியில், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதும் ரசிகர்கள் பார்வை எண்ணிக்கையை உயர்த்துவது எப்படி என்று ஒருவருக்கொருவர் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்?’ இதற்குத் தரவு எங்கே கிடைக்கும், எப்போது சேகரிப்பை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

‘ரசிகர்கள்’ என்ற மொத்தச் சொல்லிலும் கவனம் வேண்டும். மொழிபெயர்த்துப் போடுகிறவர், பாடலைத் திரும்பத் திரும்ப இணையத்தில் ஓட்டும் ஸ்ட்ரீமிங்குக்கு ஆள் திரட்டுகிறவர், புனைகதை எழுதுகிறவர், ஆல்பமும் ஃபோட்டோகார்டும் சேர்க்கிறவர், எதுவும் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவர் எல்லாரும் ஒரே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். கடைசி வகைதான் எண்ணிக்கையில் பெரிது, கமெண்ட் தரவில் அவர்கள் தென்படவே மாட்டார்கள்.

2020 ஜூனில் பி.டி.எஸ்ஸும் அதன் நிறுவனமும் கறுப்பினத்தவர் உரிமைக்கான பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தன. ஏறக்குறைய ஒரே நாளில் ரசிகர்களும் அதே அளவு தொகையைத் திரட்டினார்கள். ‘ரசிகர்களுக்குச் சமூக அக்கறை உண்டு’ என்று இதை வைத்து முடிப்பது பத்திரிகைச் செய்தி. நன்கொடைப் பக்கத்தை நடத்தியது எந்த ரசிகர் அமைப்பு, அது முன்பே எப்படி நம்பிக்கை சம்பாதித்திருந்தது, ரசீதுகளை யார் சரிபார்த்தார்கள், அன்று கறுப்பின ரசிகர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஆய்வு தொடங்கும்.

2. படிப்பை நம்மூருக்கும் வெளியூருக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள்

புதியவர்கள் அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் ரசிகர்களைப் பற்றி 1992-இல் எழுதிய நூலில் ஆரம்பித்து அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அது அவசியம்தான். ஆனால் அந்தக் காலத்து அடிப்படை ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்களைப் பார்த்து எழுதப்பட்டவை. அங்கே கண்டதை மதுரைக்கோ சியோலுக்கோ அப்படியே தூக்கி வைக்க முடியாது.

நம் பக்கத்தில் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. மதுரையில் களப்பணி செய்து சினிமா ரசிகர் மன்றங்களைப் பற்றி சாரா டிக்கி எழுதிய நூல் 1993-இல் வந்தது. ஏ.ஆர். ரகுமானின் இணைய ரசிகர் குழுவை அஸ்வின் புனதம்பேகர் 2007-இல் எழுதினார். கட்டவுட்டுக்குப் பாலபிஷேகம் செய்பவர் மட்டும்தான் இந்திய ரசிகர் என்ற பிம்பத்தை அது உடைத்தது. ருக்மிணி பாண்டே 2018-இல் எழுதிய நூல், ரசிகர் குழுக்களுக்குள் இருக்கும் இனப் பாகுபாட்டைப் பேசுகிறது. கே-பாப் எடுப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

இதழ்களில் ‘டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ் அண்ட் கல்ச்சர்ஸ்’ 2008 முதல் வருகிறது. எல்லாக் கட்டுரைகளும் இலவசம், நூலக அனுமதி தேவையில்லை. முதல் சுற்றில் ஒவ்வொரு கட்டுரையிலும் முறையியல் பகுதியை மட்டும் படியுங்கள். எத்தனை பேரிடம் பேசினார்கள், எப்படி அனுமதி வாங்கினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் இப்போது உங்களுக்கு வேண்டும். பிறகு கோட்பாட்டுக்குத் திரும்பி வரலாம்.

3. எதையும் இறக்காமல் முதலில் கவனியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் கடைசியில் அதிகம் அவதிப்படுகிறார்கள். குறைந்தது ஒரு புதிய வெளியீடு வந்து அடங்கும்வரையாவது வெறும் பார்வையாளராக இருங்கள். தினமும் களக்குறிப்பு எழுதுங்கள்: இன்று எந்தச் சொல் புதிதாகப் புழங்கியது, யார் சொன்னால் மற்றவர்கள் கேட்கிறார்கள், எதற்குச் சண்டை வந்தது.

ஏன் என்பதற்கு ஒரு காட்சி. 2020 ஆகஸ்ட் 21 அன்று வெளியான பி.டி.எஸ்ஸின் ‘டைனமைட்’ வீடியோ முதல் 24 மணி நேரத்தில் பத்துக் கோடி பார்வைகளைத் தாண்டியது. இப்படிப்பட்ட வெளியீட்டுக்கு முன்பே ரசிகர் கணக்குகள் ஸ்ட்ரீமிங் வழிகாட்டிகளைச் சுற்றுக்கு விடும். ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப லூப்பில் ஓட்டாதே, இடையில் வேறு இரண்டு மூன்று வீடியோ பார், ஒலியை அணைக்காதே, லிங்க்கைத் தொடாமல் தேடிப் போய்த் திற. இவற்றில் எது உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதை யூடியூப் முழுதாக வெளியிடுவதில்லை. ரசிகர்கள் அனுபவத்திலும் ஊகத்திலும் உருவாக்கிய அறிவு இது.

இதை அறியாமல் கமெண்டுகளை மட்டும் இறக்கியவர், ஒரே மாதிரி வரிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதைப் பார்த்து ‘போட்கள்’ (தானியங்கிக் கணக்குகள்) என்று ஒதுக்கிவிடுவார், அல்லது ‘அளவற்ற அன்பு’ என்று எழுதிவிடுவார். இரண்டும் தப்பு. அது ஒருங்கிணைத்துச் செய்யப்படும் வேலை, அதற்கு மேஸ்திரிகளும் உண்டு.

பார்வை எண்ணிக்கையை மக்கள் விருப்பத்தின் அளவுகோலாக வைக்காதீர்கள் என்பதும் இதிலிருந்துதான் வருகிறது. 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் விளம்பரம் வழியாக வந்த பார்வைகளைச் சேர்ப்பதில்லை என்று 2019 செப்டம்பரில் யூடியூப் விதியை மாற்றியது. அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிட்டால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

4. எந்தத் தளம் எதைக் கொடுக்கும் என்று பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுரையின் முறையியலைப் பார்த்து அதையே செய்யலாம் என்று திட்டம் போடாதீர்கள், அந்தக் கதவுகளில் பல மூடிவிட்டன. ட்விட்டர் 2021-இல் ஆய்வாளர்களுக்கென்று தொடங்கிய இலவசத் தரவு அணுகல் 2023-இல் போனது. ரெடிட் அதே ஆண்டு தன் ஏ.பி.ஐ-க்கு, அதாவது நிரல் வழியாகத் தரவை எடுக்கும் வாசலுக்கு, கட்டணம் வைத்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைத் தேட உதவிய மெட்டாவின் கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டில் நின்றது. டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. இந்திய ரசிகர்களைப் பற்றிய ஆய்வு என்றால் அந்தத் தேதிக்குப் பின் அவர்கள் எங்கே இடம்பெயர்ந்தார்கள் என்று கேட்டாக வேண்டும்.

மாணவருக்கு இன்றும் கைக்கெட்டுவது யூடியூப். அதன் ஏ.பி.ஐ நாளொன்றுக்கு 10,000 அலகு இலவசமாகத் தருகிறது, ஒரு அலகில் நூறு கமெண்டுகள் வரை கிடைக்கும். நிரல் எழுதத் தெரியாதவர்கள் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பெர்ன்ஹார்ட் ரீடர் உருவாக்கிய யூடியூப் டேட்டா டூல்ஸைப் பயன்படுத்தலாம்.

தளங்கள் சாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பி.டி.எஸ் ஆண்டுக்கணக்கில் நேரலை செய்த வி லைவ் 2022 டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் போனது. சான்றாகக் காட்டப்போகும் பொதுப் பக்கத்தைப் பார்த்த அன்றே, இணையப் பக்கங்களின் பிரதியைக் காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமியுங்கள். தனிநபர் பதிவுகளை அங்கே ஏற்றாதீர்கள்: அவர் நாளை அழித்தாலும் உங்களால் அது நிலைத்துவிடும்.

5. நெறிமுறை அனுமதி: சேகரிப்புக்கு முன், பின் அல்ல

‘பொதுவில்தானே போட்டிருக்கிறார்கள்’ என்பது நான் அதிகம் கேட்கும் வாதம். பொதுவில் இருக்கிறது என்பதற்காக அது ஆய்வேட்டில் அச்சாகும் என்று அவர் எதிர்பார்த்து எழுதவில்லை. இணைய ஆய்வாளர் சங்கம் 2002 முதல் வெளியிட்டுவரும் நெறிமுறை ஆவணங்கள் சூழலைப் பார்க்கச் சொல்கின்றன: நூறு பேர் இருக்கும் டிஸ்கார்டு அறையும் பல கோடிப் பேர் பார்க்கும் வீடியோவின் கமெண்ட் பகுதியும் ஒன்றல்ல.

மூன்று இடங்களில் சிக்கல் வரும். முதலாவது வயது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது, கே-பாப் ரசிகர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். வயது தெரியாத கணக்கிலிருந்து மேற்கோள் எடுக்காதீர்கள், பேட்டிக்கு 18-க்கு மேல் என்று கோடு போட்டுவிடுங்கள். மாணவ ஆய்வுக்கு இது பாதுகாப்பான வழி.

இரண்டாவது, மூடிய குழுக்கள். அட்மின் ‘சரி, வாங்க’ என்றால் அது உள்ளே வரத்தான் அனுமதி. குழுவில் உள்ளவர்களின் பேச்சை எடுக்க அவரவரிடம் கேட்க வேண்டும். ரசிகர் பெயரில் உள்ளே போய், பல மாதம் பேசிப் பழகிவிட்டு, ‘நான் ஆய்வாளர்’ என்று கடைசியில் சொன்னால் அந்தக் குழு அடுத்து வரும் எந்த மாணவருக்கும் கதவைத் திறக்காது.

மூன்றாவது, மேற்கோள். பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். வரியை அப்படியே தேடுபொறியில் போட்டால் ஆள் கிடைத்துவிடுவார். பொருளை வைத்துக்கொண்டு சொற்களை மாற்றி எழுதுங்கள், மாற்றியதாக முறையியலில் சொல்லுங்கள். ரசிகர் புனைகதை எழுதுகிறவர்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை: வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தெரியாமல் எழுதுகிறவர்கள் உண்டு. பொதுவில் கிடைத்தாலும் அனுமதி கேட்டபின் காட்டுங்கள்.

உங்கள் துறையில் நெறிமுறைக் குழு இல்லையென்றால், இந்த முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி நெறியாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

6. சேகரியுங்கள், சேகரித்த விதத்தையும் பதிவு செய்யுங்கள்

யூடியூபில் கண்ணுக்குத் தெரியும் வரிசை ‘முக்கிய கமெண்டுகள்’. அது தளம் தேர்ந்தெடுத்தது. அதிலிருந்து முதல் ஐநூறை எடுத்தால் நீங்கள் ஆய்வு செய்வது ரசிகர்களை அல்ல, யூடியூபின் தேர்வை. நேர வரிசையில் எடுங்கள்.

நேர வரிசையிலும் புதியதுதான் முதலில் வரும், பழையதற்குப் போக எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும். அதோடு, பழைய வீடியோவில் இன்று கிடைப்பது அழிக்கப்படாமல் தப்பியவை மட்டும். முதல் நாளைப் பற்றிய கேள்வி என்றால் இனி வரப்போகும் வெளியீட்டைத் தேர்ந்தெடுத்து அன்றே சேகரிப்பது நல்லது. பதில்களும் சேர்ந்து வந்தனவா என்று பாருங்கள்: ஒரு கமெண்டின் கீழ் நிறையப் பதில்கள் இருந்தால் ஏ.பி.ஐ முதல் அழைப்பில் சிலவற்றை மட்டுமே தரும், மீதியைத் தனியாகக் கேட்க வேண்டும். ரசிகர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பதில்களில்தான் நடக்கிறது.

நேரக் கணக்கில் தடுமாறாதீர்கள். ஏ.பி.ஐ தருவது யூ.டி.சி எனப்படும் உலகப் பொது நேரம். கொரியாவில் பிற்பகல் 1 மணி என்றால் நமக்குக் காலை 9.30, தரவில் அது 04:00 என்று இருக்கும். இது புரியாமல் ‘ரசிகர்கள் விடியற்காலையில் விழித்திருந்து எழுதுகிறார்கள்’ என்று எழுதிய வரைவுகள் உண்டு.

7. தமிழையும் எமோஜியையும் காப்பாற்றுங்கள்

இறக்கிய தரவு இருக்கும் சி.எஸ்.வி ஃபைலை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால் தமிழ் பல சமயம் கிறுக்கலாகத் தெரியும். அப்படியே சேமித்துவிட்டால் அவ்வளவுதான். ‘தரவு’ பட்டியில் இறக்குமதி வழியாகப் போய் யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள். மூலத்தின் ஒரு பிரதியைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

பைத்தானில் சொல் எண்ணுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. சைக்கிட்-லேர்ன் போன்ற நிரல் தொகுப்புகளின் இயல்புநிலை விதி நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக மதிப்பதில்லை. ‘ரசிகர்’ என்ற சொல் ‘ரச’, ‘கர’ என்று இரண்டு துண்டாகி எண்ணப்படும். அதை வைத்துச் சொல்மேகம் (அதிகம் வரும் சொல்லைப் பெரிதாகக் காட்டும் படம்) போட்டால் அர்த்தமற்ற துண்டுகள்தான் மேலே வரும். விதியை மாற்றி, சொல்லை இடைவெளியில் மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். ரோமன் எழுத்தில் எழுதும் தமிழுக்குத் தானியங்கி எண்ணிக்கையே வேண்டாம், ‘அண்ணா’வை எழுத அங்கே பல வழி உண்டு. கையால் படியுங்கள்.

‘சுத்தம் செய்கிறேன்’ என்று எமோஜியை நீக்காதீர்கள். ஊதா நிறத்தை அன்புக்கும் நம்பிக்கைக்கும் அடையாளமாக 2016-இல் பி.டி.எஸ் பாடகர் வி சொன்னதிலிருந்து, ஆர்மிக்கு ஊதா இதயம் ஒரு முழு வாக்கியம். அதை நீக்கியபின் எஞ்சும் வெற்றுக் கட்டம் ‘உள்ளடக்கம் இல்லை’ என்று கணக்காகிவிடும்.

8. பேட்டி: செய்ததைக் கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள்

கமெண்டில் தென்படாதவர்களைச் சந்திக்க இதுதான் வழி. ‘பி.டி.எஸ்ஸை ஏன் பிடிக்கும்?’ என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள், ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பழகிய பதில். ‘போன வெளியீட்டன்னைக்கு என்ன பண்ணீங்க, காலையிலிருந்து சொல்லுங்க’ என்று கேளுங்கள். போனில் ஸ்ட்ரீமிங் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பரீட்சை நாளில் யார் தனக்குப் பதிலாக ஓட்டினார்கள், டேட்டா பேக்குக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

வீட்டில் எல்லாரும் இருக்கும்போது போனில் பேசத் தயங்குவார்கள். எழுத்து வழிப் பேட்டிக்கும் இடம் கொடுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நீங்களும் ரசிகர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதே சமயம் ‘உங்களுக்கே தெரியுமே’ என்று அவர் நிறுத்தும் இடத்தில் ‘தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க’ என்று கேட்கப் பழகுங்கள்.

9. குறியிடல்

முதலில் நூறு கமெண்டுகளைக் கையால் குறியிடுங்கள், அதாவது ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று ஓரிரு சொல்லில் குறி போடுங்கள். டாகெட் என்ற இலவச மென்பொருள் போதும். நான் இங்கே புனைந்த மூன்றைப் பாருங்கள்:

அ. ‘இன்னும் 4 மணி நேரம்தான். தூங்காதீங்க, நடுவுல ரெண்டு வேற வீடியோ பாருங்க.’
ஆ. ‘எக்ஸாம் முடிஞ்சு வந்ததும் முதல்ல இதைத்தான் பாத்தேன்.’
இ. ‘ரெண்டு வருஷம் கழிச்சு யாரெல்லாம் கேக்குறீங்க?’

புதியவர் மூன்றுக்கும் ‘பாசம்’ என்று குறி போடுவார். அந்தக் குறியால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. ‘அ’ ஒரு கட்டளை, கூடவே அல்காரிதம் பற்றிய ஒரு நம்பிக்கை: இரண்டு குறிகள். ‘ஆ’ தன் அன்றாடத்தில் பாடலை வைத்துக்காட்டுவது. ‘இ’ வருகைப் பதிவு, லைக் வாங்கும் உத்தியும்கூட.

‘இ’ முதல் 24 மணி நேரத் தரவுக்குள் எப்படி வந்தது? பழைய கமெண்ட்டை அவர் பின்னால் திருத்தியிருக்கிறார். வெளியிட்ட தேதி அப்படியே நிற்கிறது, சொற்கள் மாறிவிட்டன. தரவில் திருத்திய தேதி தனி நெடுவரிசையில் இருக்கும். இரண்டும் வேறாக இருப்பவற்றைத் தனியே ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு குறிக்கும் வரையறை, சேரும் உதாரணம், சேராத உதாரணம் மூன்றையும் எழுதி, இன்னொருவரிடம் கொடுத்து அதே நூறைக் குறியிடச் சொல்லுங்கள். முரண்பட்ட இடங்களில் வரையறையைத் திருத்துங்கள், பிறகு மீதிக்குப் போங்கள். உணர்வைத் தானாக அளக்கும் மென்பொருளை இங்கே நம்ப வேண்டாம். ‘செத்துட்டேன்’ என்று ரசிகர் மகிழ்ச்சியில் எழுதுவதை அது துக்கக் கணக்கில் சேர்த்துவிடும்.

10. எழுதுதல், அனுப்புதல், அழித்தல்

களக்குறிப்பிலிருந்து எழுதத் தொடங்குங்கள், கோட்பாட்டிலிருந்து அல்ல. ஒரு நிகழ்வை முழுதாக விவரித்தபின் கோட்பாடு எங்கே உதவுகிறது, எங்கே பொருந்தாமல் நிற்கிறது என்று சொன்னால் உங்கள் பங்களிப்பு தானாகத் தெரியும். ‘உலகெங்கும் உள்ள ரசிகர்கள்’ என்று எழுதக் கை போனால், உங்கள் தரவில் எத்தனை மொழி இருக்கிறது என்று பாருங்கள்.

இதழுக்கு அனுப்பும்போது, பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் யு.ஜி.சி-கேர் பட்டியலைத் தேட வேண்டாம், 2025-இல் அது கைவிடப்பட்டது. இதழின் ஆசிரியர் குழுவையும் பழைய இதழ்களையும் திறந்து பாருங்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை ஒதுக்குங்கள்.

வெளியாவதற்கு முன், பேட்டி கொடுத்தவர்களுக்கு அவரவர் பகுதியை அனுப்புங்கள். ரசிகர்களின் பேச்சு வழக்கில் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டதை அவர்கள்தான் பிடிப்பார்கள். நீக்கச் சொன்னால் நீக்குங்கள். மூலத் தரவை எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருப்பீர்கள் அல்லவா, அதை இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கூகுள் டிரைவில், பென் டிரைவில், நெறியாளரின் மின்னஞ்சலில் என்று பிரதிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்ற பட்டியலும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.